இரண்டிலிருந்து எண்ணுகிறவர்கள்

ஏப்ரல் 6

லிஃப்ட்காரருக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் அதை அடுத்த கடிதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தது என் தப்புதான். ஆனால் நீங்கள் பேசியதும் சரியில்லை. "இந்த லீவுக்கு வர முடியாது போலிருக்கு" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதிலும் அந்தப் "போலிருக்கு". முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன மாதிரி ஒரு பதில்.

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. நான் ஒன்று சொல்ல, அது உங்களுக்கு விட்டு விட்டுக் கேட்க, நீங்கள் பாதியைப் பிடித்துக்கொண்டு கத்த, நான் மீதியைப் பிடித்துக்கொண்டு கத்த, போதும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பேசுங்கள். என்னோடு பேச வேண்டியதைத் தாளில் பேசுங்கள். தாளில் குறுக்கே பேச முடியாது.

படகுப் பயணத்தை நான் ரத்து செய்யப் போவதில்லை. பொங்கி ஓடுகிற ஆற்றில் ரப்பர் படகில் போகும் ஆசை யாருடையது? கல்யாணமான புதிதிலிருந்து நீங்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் குளியலறை வாளித் தண்ணீரே போதும். ஆனால் பெரியவள் பள்ளி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். குட்டி தூக்கத்தில்கூடத் துடுப்புப் போடுகிறான். பக்கத்தில் படுக்க முடியவில்லை, விலாவில் இடி விழுகிறது. அதனால் பதினெட்டாம் தேதி நாங்கள் மூன்று பேரும் போகிறோம். உங்கள் இடத்துக்கு என் தம்பி வருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்னொன்று. மாதக் கடைசிக்குள் இன்னும் ஒரு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்பார்கள் என்று சொன்னீர்களே, கேட்டுவிட்டார்களா? இரண்டு வருடம் என்று வெளிநாடு போனீர்கள். மூன்றாகிவிட்டது. எனக்கு எழுதிக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

கண்ணாடிக்காரி

பி.கு.: இன்று கடையில் ஒருவருடைய மூக்குக்கண்ணாடியில் இடது வில்லையை வலது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தரை எழுந்து வருது!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் உங்களால்தான்.

*

ஏப்ரல் 13

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கோபம் உனக்குத்தானே, எனக்கென்ன? நான் "அன்புள்ள" போட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை மூன்றாம் எண் லிஃப்ட் கூண்டுக்குள் உட்கார்ந்து படித்தேன். இங்கே தனியாக இருக்கக் கிடைக்கும் ஒரே அறை அதுதான். கட்டிலும் நாற்காலியும் இன்னும் வந்திறங்காத ஆஸ்பத்திரி. பெயின்ட் வாசனை. ஸ்ட்ரெச்சர் போகிற பெரிய லிஃப்ட் என் பொறுப்பு. ஒவ்வொரு மாடியிலும் கூண்டின் தளமும் மாடியின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். விரற்கடை ஏறி நின்றாலும் ஸ்ட்ரெச்சர் சக்கரம் இடித்து நோயாளி குலுங்குவார். ஒன்பதாவது மாடியில் மட்டும் அது நான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. உன்னைப் போல.

வர முடியாததற்கு இதுதான் காரணம் என்று சொல்லலாம். முழு உண்மை அது இல்லை. அங்கே வந்தால் எனக்காக எந்த வேலையும் காத்துக்கொண்டிருக்கவில்லை. பழைய கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் என்னை நீ பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை. தாள் மேலாளர் மேசையில் இருக்கிறது. பார்க்கலாம்.

பயணத்தைத் தள்ளிப்போட முடியாதா? ஏன் கேட்கிறேன் என்றால், உனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நீச்சல் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. இங்கே குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குளம் கட்டி வைத்திருக்கிறார்கள். மாலை வகுப்பில் என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் எட்டு வயது. வாத்தியார் என்னையும் சேர்த்துத்தான் "பசங்களா, மூச்சை விடுங்க" என்பார். குளத்தின் நீளத்துக்குப் போய்த் திரும்பிவிடுகிறேன். உங்களோடு அந்தப் படகில் உட்காரும்போது நான் ஒருவனாவது பயப்படாமல் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும்.

இந்தக் கடிதம் நீங்கள் கிளம்பிய பிறகுதான் வந்து சேரும் என்று தோன்றுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். குட்டியின் மூக்குக்கண்ணாடிக்குப் பின்பக்கம் ரப்பர் பட்டி மாட்டிவிடு. தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு போக வேண்டும். எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது.

எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். மெத்தைக் கடையை மறந்திருக்க மாட்டாய். கடையின் காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கட்டிலில் குட்டி தூங்கிப்போக, நாம் மூவரும் பேசிக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டோம். திரும்பி ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு அம்மாள் அவன் படுத்திருந்த மெத்தையை விலை கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதானே நம் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் எண்ணுங்கள். நான் இல்லாவிட்டாலும் எண்ணுங்கள்.

லிஃப்ட்காரன்

*

ஏப்ரல் 22

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

போட்டுவிட்டேன், பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை குட்டி போனில் அழுதுகொண்டே அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு நீங்கள் ஆடிப்போயிருப்பீர்கள். நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் கடிதம் நாங்கள் திரும்பி வந்த அன்று கதவுக்கடியில் கிடந்தது. ஈரத் துணி மூட்டையை இறக்கி வைக்காமலே படித்தேன். நீச்சல் விஷயத்தில் சிரித்தேன். பிறகு சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

ஆற்றங்கரைக் கொட்டகையில் லைஃப் ஜாக்கெட்டும் சிவப்பு ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். எங்கள் படகை ஓட்டுகிறவர் ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும், குரல் மட்டும் பத்துப் பேருக்கு வரும். குட்டி உடனே கேப்டன் என்று பேர் வைத்துவிட்டான். "நாலு பேர்னு பதிவுல இருக்கே?" என்று கேட்டார். "அவர் வரலைங்க" என்றேன். எங்களைத் தவிர புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. நீங்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஆளில்லாததால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இடது முன்னால ஒருத்தர் வேணும்" என்று சொல்லி, கேப்டன் பெரியவளை அங்கே மாற்றி உட்கார வைத்தார். அவள் ஏதோ சிம்மாசனத்தில் ஏறுவது போல ஏறி உட்கார்ந்தாள்.

தண்ணீர் முதலில் சாதுவாகத்தான் இருந்தது. "முன்னால போடு!" என்றால் எல்லோரும் துடுப்பை முன்னால் போட வேண்டும். "பின்னால போடு!" என்றால் பின்னால். குட்டி எதைச் சொன்னாலும் முன்னால்தான் போட்டான். பாறைமேல் தண்ணீர் பாய்ந்திறங்கும் இடத்தைப் பாய்ச்சல் என்கிறார்கள்; முதல் இரண்டு பாய்ச்சலில் நுரை முகத்தில் அறைந்தபோது நான் கத்திய கத்தலுக்கு அந்தப் புதுப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு வருடம் நீங்கள் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றேனே என்று இருந்தது.

மூன்றாவது பாய்ச்சலுக்கு "மாமியார்" என்று பேராம். "மேல பார்த்தா சத்தமே இருக்காது, உள்ள போனாத்தான் தெரியும்" என்றார் கேப்டன். உங்கள் அம்மாவை நினைத்துச் சிரித்தேன். சிரித்து வாயை மூடுவதற்குள் படகு கவிழ்ந்தது.

மூக்கு, காது, வாய் எல்லாம் தண்ணீர். மேலே வந்தபோது என் கண்ணாடி போயிருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவள் தன் கண்ணாடிக்குப் பட்டி மாட்டிக்கொள்ளவில்லை. குட்டியின் ஜாக்கெட் பட்டை எப்படியோ என் கையில் இருந்தது. கேப்டனும் அந்த ஜோடியும் கவிழ்ந்த படகோடு அக்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள், வளைவுக்கு அந்தப்புறம். எங்கள் மூவரையும் தண்ணீர் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. விழுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே ஒல்லியான ஒற்றை ஆள் படகில் ஒரு இளைஞர் கீழே காத்திருப்பார். அவர்தான் எங்களைக் கூழாங்கல் திட்டில் கொண்டுவந்து சேர்த்தார்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

பழக்கதோஷம். இருமிக்கொண்டே "ரெண்டு!" என்றேன். "மூணு!" என்றாள் பெரியவள். "நாலு!" என்று குட்டி.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஒண்ணு எங்க?"

"ஒண்ணு எங்க அப்பா" என்றான் குட்டி.

அவ்வளவுதான். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே படகைத் திருப்பி, எங்களை அடித்துக்கொண்டு வந்த அதே தண்ணீருக்குள் ஏறிப்போனார். பின்னால் வந்த இரண்டு படகுகளும் நின்றன. ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார்.

நீங்கள் போனதிலிருந்து நாங்கள் இப்படித்தான் எண்ணுகிறோம். பேருந்தில், கடையில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் இரண்டிலிருந்துதான். யாரும் பேசி வைத்து ஆரம்பிக்கவில்லை. ஒண்ணு உங்களுடையது, அதை எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வெளியாள் கேட்டால் விசித்திரமாக இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

நான் அந்த நொடியே "ஐயோ, அவர் வரவேயில்லைங்க" என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. உங்களிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். நான் தேடினேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு அந்த ஆறு முழுக்க வெறும் வெள்ளை. சிவப்பாக எது அசைந்தாலும் அது நீங்கள்தான். நீங்கள் படகில் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தேடினேன். பெரியவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி "அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டாள். பதினைந்து வயதுப் பெண், எல்லாம் தெரிந்தவள். அவளும் தேடினாள்.

கேப்டன் வளைவைத் தாண்டி ஓடி வந்து அக்கரையிலிருந்து கத்தினார். "யாரைத் தேடறீங்க?"

"இந்தக் குடும்பத்துல ஒருத்தரைக் காணோம்!" என்றார் அந்த இளைஞர்.

"அவங்க மூணு பேர்தான்டா! மூணு பேர்தான்!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "அவர் வெளிநாட்டுல இருக்காருங்க. லிஃப்ட் மாட்டறாரு" என்றேன். கயிறு கட்டிக்கொண்டு குதித்தவர் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார்.

அந்தச் சின்னப் படகுக்காரர் திரும்பி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அக்கா, இப்படி எண்ணாதீங்க. ஆளில்லாம இடம் விட்டா நாங்க தேடத்தான் செய்வோம்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் பெரியவள், "இனிமே நீதான் ஒண்ணும்மா. நான் ரெண்டு, இவன் மூணு" என்றாள். குட்டி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நாலைந்து நாளாயிற்று, உப்பைக்கூட என் வழியாகத்தான் கேட்டு வாங்குகிறான்.

நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் வருவதாக இருந்தால் அந்த இடத்தை அப்படியே வைத்திருக்கிறேன், எத்தனை மாதமானாலும். கையெழுத்துப் போடுவதாக இருந்தால் ஒண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன். இது மிரட்டல் இல்லை. இல்லாத ஆளைத் தேடச் சொல்லி யாரோ பெற்ற இன்னொரு பிள்ளையை ஆற்றுக்குள் இறக்கிவிட எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் கண்ணாடிக்காரி

*

மே 2

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

முதலில் கெட்ட செய்தி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கடிதம் வந்தது வியாழக்கிழமை. நான் போட்டது அதற்கு முன்பே, நீங்கள் ஆற்றுக்குக் கிளம்பிய அன்று. மேலாளர் தாளை நீட்டினார், நான் பேனாவைத் தேடினேன், முடிந்துவிட்டது. எழுதிக் கேட்கச் சொல்லியிருந்தாய். எழுதினால் நீ வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால்தான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை குட்டி போனில் அழுதபோது சொல்ல வாய் வரவில்லை.

பிறகு மேலாளரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. கடைசி லிஃப்ட் பரிசோதனையில் தேறிவிட்டால் முன்னாலேயே அனுப்புவதைப் பற்றி யோசிக்கிறேன் என்றார். எப்போது என்று கேட்டேன், உதட்டைப் பிதுக்கினார். "போலிருக்கு" என்று இந்த முறை எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது.

நான் கிளம்பிய மறுநாளே நீங்கள் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்திருப்பீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். லீவில் வந்தபோது நான் ஒண்ணு என்றேன், நீங்கள் தொடர்ந்தீர்கள். நான் இல்லாத நாளில் எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவேயில்லை. என் இடத்தை மூன்று வருடமாக யாரும் எடுக்கவில்லை என்பது எனக்கு ஒரு ஆற்றங்கரை ஆள் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது.

இங்கேயும் எங்களை எண்ணுவார்கள். சாயங்காலம் வேனில் ஏறும்போது ஃபோர்மேன் நிற்க வைத்துச் சொல்லச் சொல்வார். நான் எப்போதும் கடைசி வரிசை, பதினொன்று. உன் கடிதம் படித்த அன்று எனக்கு முன்னால் நின்றவன் பத்து என்றதும் நான் "ஒண்ணு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேன் மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொன்னார். மறுபடியும் ஒண்ணு என்றேன். மூன்றாவது முறை யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் எனக்காகப் பதினொன்று சொல்லி என்னை வேனில் ஏற்றினான்.

லிஃப்டில் ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் மணி அடிக்கும், கதவு மூடாது. அந்த மணியை நான் எத்தனையோ கூண்டுகளில் மாட்டியிருக்கிறேன். ஒரு ஆள் குறைந்தால் அடிக்கிற மணியை இதுவரை யாரும் செய்யவில்லை. உங்கள் மூன்று பேருக்குத்தான் அது இருந்திருக்கிறது.

அதனால் யோசித்துச் சொல்கிறேன். ஒண்ணை நீ எடுத்துக்கொள். பெரியவள் சொல்வது சரி. அந்தப் படகுத் தம்பி சொன்னதும் சரி. நான் வரும்போது நாலு காலியாக இருந்தால் போதும். கடைசியில் வந்து நிற்கிறேன். எல்லோரும் ஏறிய பிறகு ஏறுகிறேன். அக்காவோடு பேசச் சொல்லிக் குட்டியிடம் சொல்.

ஒன்பதாவது மாடி இன்னும் மட்டத்துக்கு வரவில்லை.

லிஃப்ட்காரன்

*

மே 14

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கோபம் என்று சொல்லலாம். கையெழுத்துப் போட்டதைவிட, என்னைக் கேட்காமல் போட்டதுதான் சுடுகிறது. அதை நேரில் வைத்துத் தீர்த்துக்கொள்வோம், தாளில் அடங்காது.

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தோம். சனிக்கிழமை எனக்குப் புதுக் கண்ணாடிச் சட்டம் எடுக்க மூவரும் மொத்த வியாபாரக் கடைக்குப் போனோம். பேருந்தில் ஏறியதும் பெரியவள் என்னைப் பார்த்தாள். "ஒண்ணு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "ரெண்டு" என்றாள். குட்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முழங்கையால் இடித்ததும் "மூணு" என்றான்.

எண்ணிக்கை சரியாக வந்தது. ஒரு ஆளும் குறையவில்லை.

எங்களால் அதைத் தாங்க முடியவில்லை. இரண்டிலிருந்து எண்ணும்போது ஒவ்வொரு தடவையும் நீங்கள் வர வேண்டியிருக்கிறது என்பது தெரியும். இப்போது யாரும் வர வேண்டியதில்லை. பேருந்து கிளம்பிவிட்டது. நடத்துனர் டிக்கெட் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. குட்டி என் பக்கம் திரும்பி, "அவ்ளோதானா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பெரியவள், இந்த யோசனையைச் சொன்னவளே, எழுந்து மணிக்கயிற்றை இழுத்துவிட்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். எங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஒரு டயர் கடையும் பூட்டிக் கிடந்த தையல் கடையும்தான் இருந்தன. நடைபாதையில் நின்று மறுபடி எண்ணினோம். ரெண்டு. மூணு. நாலு. டயர் கடைக்காரர் தலையை வெளியே நீட்டி எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். அக்காவும் தம்பியும் அங்கேதான் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். பேச ஆரம்பித்த கையோடு சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே கடைசியில் வந்து நிற்கிறேன் என்கிற பேச்செல்லாம் வேண்டாம். உங்கள் இடத்தை என்னிடம் தள்ளிவிட்டுப் போகப் பார்க்கிறீர்கள். நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். வேலை இல்லாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள் என்றால் உட்காருங்கள். அந்த உங்களையும் பார்க்கத்தான் எனக்கு ஆசை. ஒன்பதாவது மாடியை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வாருங்கள்.

நேற்று ஆற்றுக் கொட்டகைக்குப் போன் போட்டேன். அடுத்த லீவுக்குப் பேர் கொடுத்தேன். போனை எடுத்தது அந்தச் சின்னப் படகுக்காரர்தான். குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டார்.

"எத்தனை பேர் அக்கா?"

"நாலு."

நாலு என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்தத் தடவை ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பீங்களா?"

"ஆரம்பிப்போம் போலிருக்கு" என்றேன். உங்கள் வார்த்தைதான். எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

ரெண்டு